ஒரு மன்னரும் பல வரலாறுகளும்

நுழையும் முன்

மாணவர்களே! மன்னர்கள் பலர் நாடாண்டு மறைந்தனர். அவர்களுள் மிகச் சிலரே ‘மாமன்னர்’ என்னும் அடைமொழியோடு நினைக்கப்படுகின்றனர். நம் நாட்டில் அசோகரையும் அக்பரையும் அவ்வாறு போற்றுகிறோம். ஜெர்மானியர் தம் நாட்டு மன்னர்களுள் அவ்வாறு அழைப்பவர்களில் ஒருவர் பிரஷ்யாவை ஆண்ட இரண்டாம் பிரெடரிக். அந்த அடைமொழியை ஒருவருக்கு வழங்குபவர் யார்? ஒரு தலைமுறை வழங்கியதை அடுத்த தலைமுறை திரும்பப் பெற முடியுமா? இவ்வினாக்களை மனத்தில் கொண்டு இப்பாடத்தைப் படியுங்கள்.

இளமையும் துயரும்

பிரெடரிக், 1712ஆம் ஆண்டு சனவரி 24ஆம் நாள் பெர்லின் நகரில் பிறந்தார். தந்தை முதலாம் பிரெடரிக் வில்லியம். தாய் சோபியா டொரோதியா, அனோவர் அரச குடும்பத்தைச் சேர்ந்தவர். தந்தை படையே நாட்டின் உயிர் என்று நம்பியவர். உயரமான வீரர்களை நாடெங்கும் தேடிப் பிடித்துத் தனிப்படை அமைத்தவர். சிக்கனமும் கண்டிப்பும் மிக்க அவர், தம் மைந்தன் விடியற்காலையில் எழுந்து படைப்பயிற்சி பெறவேண்டும், வேட்டையாடவேண்டும், கணக்கில் தேர்ச்சி பெறவேண்டும் என விரும்பினார்.

மைந்தனின் உள்ளமோ இசையையும் பிரெஞ்சு இலக்கியத்தையும் நாடியது. தந்தை அறியாமல் நூல்களைச் சேர்த்தார். தந்தை அறியாமல் குழலிசை கற்றார். அறிந்தபோதெல்லாம் தந்தை சினந்தார். பிறர் காணுமாறு அடித்தார். மூத்த சகோதரி வில்கெல்மினே ஒருவரே இளவரசருக்கு ஆறுதலாக விளங்கினார்.

பதினெட்டாம் வயதில் பிரெடரிக் பொறுமையிழந்தார். நாட்டைவிட்டுத் தப்பிச் செல்ல 1730ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் முயன்றார். அவருடைய நண்பரும் இளம் படையதிகாரியுமான ஹான்ஸ் ஹெர்மன் ஃபான் காட்டே அதற்குத் துணைநிற்க உடன்பட்டிருந்தார். திட்டம் வெளிப்பட்டது. இருவரும் சிறைப்பட்டனர். படை நீதிமன்றம் காட்டேவுக்கு வாழ்நாள் சிறை விதித்தது. மன்னரோ அத்தீர்ப்பை ஏற்கவில்லை. மரண தண்டனையாக மாற்றினார். 1730 நவம்பர் 6ஆம் நாள், இளவரசர் அடைபட்டிருந்த கூஸ்ட்ரின் கோட்டையிலேயே காட்டேவின் தலை வெட்டப்பட்டது. சாளரத்தின் வழியே அதனைக் காணுமாறு இளவரசர் கட்டாயப்படுத்தப்பட்டார். அவர் மயங்கி வீழ்ந்தார். காட்டேவுக்கு அப்போது வயது 26.

இந்நிகழ்ச்சிக்குப்பின் பிரெடரிக் தந்தைக்குப் பணிந்து நடந்தார். அலுவலகப் பணிகளைக் கற்றார். தந்தை தேர்ந்தெடுத்த எலிசபெத் கிறிஸ்டினே என்னும் இளவரசியை 1733இல் மணந்தார். அம்மண வாழ்வு மகிழ்ச்சி தரவில்லை, மகப்பேறும் இல்லை. பிற்காலத்தில் அரசியார் தனியே வாழ்ந்தார். மன்னர் விரும்பிக் கட்டிய அரண்மனையில் அவருக்கு இடமில்லாமற் போயிற்று. தாம் பட்ட துன்பத்தை மறவாத ஒருவர், தம்மால் மற்றொருவர் படும் துன்பத்தை உணராதிருந்தார் என்பதையும் நாம் கருதவேண்டும்.

அரியணையும் போரும்

ரைன்ஸ்பெர்க் அரண்மனையில் வாழ்ந்த ஆண்டுகளில் பிரெடரிக் நூல்களில் தோய்ந்தார். பிரெஞ்சு அறிஞர் வால்டேருடன் 1736 முதல் மடல்வழி நட்புக் கொண்டார். மாக்கியவெல்லி என்னும் இத்தாலிய அறிஞரின் அரசியல் கருத்துகளை மறுத்து நூலொன்று எழுதினார். வஞ்சகத்தால் நாடு பிடிப்பது மன்னனுக்கு அழகன்று, குடிகளின் நலம் காப்பதே அவன் கடமை என்பது அந்நூலின் சாரம். அது 1740இல் அச்சாகியது.

அதே ஆண்டு மே 31ஆம் நாள் தந்தை மறைந்தார். பிரெடரிக் அரியணை ஏறினார். ஏறத்தாழ 80,000 வீரர் கொண்ட படையும் நிறைந்த கருவூலமும் அவர் கைக்கு வந்தன. அக்டோபர் மாதத்தில் ஆஸ்திரியப் பேரரசர் ஆறாம் சார்லஸ் மறைந்தார். அவருடைய மகள் மரியா தெரசா, 23 வயதில் ஆட்சிப் பொறுப்பேற்றார். அவருடைய உரிமையை மதிப்பதாகப் பிரெடரிக்கின் தந்தை முன்னரே உறுதியளித்திருந்தார். ஆயினும் பிரெடரிக், பழைய உடன்படிக்கைகளைக் காரணம் காட்டி, டிசம்பர் மாதத்தில் மரியா தெரசாவுக்கு உரிய சைலீசியா என்னும் வளமான நாட்டுக்குள் படையுடன் புகுந்தார். வஞ்சகத்தைக் கண்டித்து எழுதிய நூலின் மை உலர்வதற்குள் நிகழ்ந்த படையெடுப்பு இது.

முதற்போரில் அவருக்குப் புகழ் எளிதில் வாய்க்கவில்லை. 1741 ஏப்ரலில் மோல்விட்ஸ் என்னுமிடத்தில் தோல்வி உறுதி என்று எண்ணிக் களத்தைவிட்டு நீங்கினார். அவருடைய தளபதி ஷ்வெரின் நின்று போரிட்டு வென்றார். அந்நாணத்திலிருந்து பிரெடரிக் பாடம் கற்றார். இரண்டாம் சைலீசியப் போரின் முடிவில், 1745 டிசம்பரில், அவர் பெர்லினுக்குத் திரும்பியபோது மக்கள் அவரை மாமன்னர் என வாழ்த்தினர். அடைமொழி முதலில் வெற்றியின் களிப்பில் பிறந்தது என்பதை நினைவிற் கொள்க.

மரியா தெரசா இழப்பை மறக்கவில்லை. ஆஸ்திரியா, பிரான்சு, ரஷ்யா ஆகியவை பிரஷ்யாவுக்கு எதிராக ஒன்றுசேர்ந்தன. பிரெடரிக் முந்திக்கொண்டு 1756 ஆகஸ்டில் சாக்சனி நாட்டின்மீது படையெடுத்தார். ஏழாண்டுப் போர் மூண்டது. 1757 நவம்பரில் ரோஸ்பாக்கிலும் டிசம்பரில் லாய்த்தனிலும் தம்மினும் பெரிய படைகளை அவர் வென்றார். 1759 ஆகஸ்டு 12ஆம் நாள் கூனர்ஸ்டோர்ஃப் களத்தில் அவருடைய படை சிதறியது. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணமும் அவருக்கு எழுந்தது. 1762 தொடக்கத்தில் ரஷ்யப் பேரரசி எலிசபெத் மறைந்தார். அடுத்து வந்த மூன்றாம் பீட்டர் பிரெடரிக்கைப் போற்றியவர். உடனே போரை நிறுத்தினார். அதனால் பிரஷ்யா பிழைத்தது. 1763 பிப்ரவரியில் அமைதி உடன்பாடு ஏற்பட்டது. சைலீசியா பிரெடரிக்கிடமே நிலைத்தது. அதற்குக் கொடுத்த விலை பெரிது. தம் படையில் மாண்டவர் ஏறத்தாழ 1,80,000 பேர் என்று மன்னரே கணக்கிட்டார்.

ஆட்சியின் இரு முகங்கள்

தம்மை அரசின் முதல் ஊழியராகக் கருதிய மன்னர் பிரெடரிக். விடியுமுன் எழுந்து மடல்களையும் மனுக்களையும் தாமே படித்து ஆணையிட்டார். பதவியேற்ற சில நாள்களிலேயே குற்றம் சாட்டப்பட்டோரைச் சித்திரவதை செய்யும் வழக்கத்திற்குப் பெரும்பாலும் முடிவுகட்டினார். அவரவர் தத்தம் சமயவழியில் ஒழுகலாம் என்றார். சீர்திருத்தக் கிறித்தவர் மிகுந்த பெர்லினின் நடுவே கத்தோலிக்கருக்குத் தூய எட்விக் ஆலயம் எழ இடமளித்தார். ஓடர் ஆற்றின் சதுப்பு நிலங்களை வடித்து விளைநிலமாக்கினார். அங்கே புதிய குடிகளைக் குடியமர்த்தினார். 1756இல் உருளைக்கிழங்கு பயிரிடுமாறு ஆணை பிறப்பித்தார். 1763இல் சிற்றூர்ப் பள்ளிகளுக்கெனப் பொதுச் சட்டம் இயற்றினார்.

பாட்ஸ்டாமில் 1745 முதல் 1747 வரை சான்சூசி அரண்மனையைக் கட்டினார். கவலையற்ற இடம் என்பது அப்பெயரின் பொருள். அங்கே மாலைதோறும் குழலிசைத்தார். நூற்றுக்கு மேற்பட்ட குழலிசைப் படைப்புகளை இயற்றினார். இசைமேதை செபாஸ்டியன் பாக் 1747இல் பாட்ஸ்டாமுக்கு வந்தபோது, மன்னர் கொடுத்த இசைக்கருவிலிருந்து ஒரு பெரும் படைப்பை உருவாக்கினார். வால்டேர் 1750 முதல் மூன்றாண்டுகள் மன்னருடன் தங்கினார். நட்பு பூசலில் முடிந்தது. திரும்பும் வழியில் வால்டேர் பிராங்க்பர்ட் நகரில் பிரஷ்ய அதிகாரிகளால் தடுத்து வைக்கப்பட்டார்.

மறுமுகமும் உண்டு. பெருநிலக்கிழார்களின் நிலங்களில் உழவர்கள் அடிமைநிலையிலேயே வாழ்ந்தனர். அந்நிலையை ஒழிக்கும் ஆணை பிரெடரிக் மறைந்து இருபத்தோர் ஆண்டுகளுக்குப் பின், 1807இல்தான் வந்தது. சமயப் பொறை பேசிய அவருடைய ஆட்சியில் யூதர்கள்மீது கடுமையான கட்டுப்பாடுகளும் வரிகளும் நீடித்தன. 1772இல் ரஷ்யாவோடும் ஆஸ்திரியாவோடும் சேர்ந்து போலந்து நாட்டின் ஒரு பகுதியைப் பிரித்து எடுத்துக்கொண்டார். போலந்து மக்களின் நினைவில் அவர் மாமன்னர் அல்லர். தம் நாட்டைக் கூறுபோட்டவருள் ஒருவர்.

கதையும் சான்றும்

பிரெடரிக்கைப் பற்றிய கதைகள் பல. உருளைக்கிழங்கை உண்ணத் தயங்கிய உழவர்களின் ஆவலைத் தூண்ட, மன்னர் தம் தோட்டத்திற்குக் காவல் வைத்து, காவலரைக் கண்மூடியிருக்கச் சொன்னார் என்பது ஒரு கதை. பிரான்சு நாட்டில் பர்மாந்தியே என்னும் அறிஞரைப் பற்றியும் இதுபோன்றே கூறுவர். சான்சூசி அரண்மனைக்கு அருகிலிருந்த காற்றாலையின் ஓசை மன்னருக்கு இடையூறாயிற்று என்றும், ஆலையைப் பறிக்க முயன்றபோது ஆலைக்காரர் பெர்லின் நீதிமன்றத்தைச் சுட்டிக்காட்டினார் என்றும், மன்னர் நீதிக்குப் பணிந்தார் என்றும் கூறுவது மற்றொரு கதை. இரண்டும் செவிக்கு இனியவை, ஆனால் சான்றற்றவை.

சான்றுள்ள ஆலைக்காரர் ஒருவரும் வரலாற்றில் உண்டு. அவர் பெயர் அர்னால்ட். மேல்பகுதியில் மற்றொருவர் மீன்குளம் வெட்டியதால் தம் நீராலைக்குத் தண்ணீர் குறைந்தது என்று அவர் முறையிட்டார். குத்தகை செலுத்த இயலாமல் ஆலையை இழந்தார். நீதிமன்றங்கள் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தன. எளியவருக்கு அநீதி நேர்ந்ததென எண்ணிய மன்னர், 1779இல் நீதிபதிகளைப் பதவி நீக்கிச் சிறையிலிட்டார். மக்கள் மகிழ்ந்தனர். ஆனால் மன்னர் மறைந்தபின் வழக்கு மீண்டும் ஆராயப்பட்டது. நீதிபதிகள் குற்றமற்றவர்கள் எனத் தெளிந்தது. நல்லெண்ணமே ஆயினும் சட்டத்தை மீறிய செங்கோல் வளையும் என்பதற்கு இந்நிகழ்ச்சி சான்றாகும். கூஸ்ட்ரின் கோட்டையில் தந்தை படை நீதிமன்றத்தின் தீர்ப்பை மாற்றியதையும், ஏறத்தாழ ஐம்பதாண்டுகளுக்குப்பின் மகன் நீதிபதிகளின் தீர்ப்பைப் புறக்கணித்ததையும் ஒருங்கே வைத்து எண்ணிப் பாருங்கள்.

இறுதி விருப்பம்

முதுமையில் பிரெடரிக் தனிமையில் வாழ்ந்தார். மூக்குப்பொடிக் கறை படிந்த பழைய படைச்சட்டையே அவருடைய உடை. மக்கள் அவரை அன்போடு கிழவர் பிரிட்ஸ் என்றழைத்தனர். 1786 ஆகஸ்டு 17ஆம் நாள், தம் 74ஆம் வயதில், சான்சூசியில் சாய்விருக்கையில் அமர்ந்தவாறே உயிர்நீத்தார். சான்சூசியின் மேல்தளத்தில், தாம் வளர்த்த நாய்களின் அருகில், ஆரவாரமின்றித் தம்மை அடக்கம் செய்யவேண்டும் என்பது அவர் விருப்பம். அதற்கெனக் கல்லறையும் முன்னரே கட்டி வைத்திருந்தார். அவருக்குப்பின் ஆட்சிக்கு வந்த அண்ணன் தம்பி உறவின் வழித்தோன்றல், அதாவது தம்பியின் மகன், அவ்விருப்பத்தை ஏற்கவில்லை. பாட்ஸ்டாம் நகரின் படைவீரர் ஆலயத்தில், எந்தத் தந்தைக்கு அஞ்சி ஓட முயன்றாரோ அதே தந்தையின் அருகில் அவர் உடல் வைக்கப்பட்டது.

வரலாற்றாசிரியர் கண்ணில்

தம்மைப் பற்றி முதலில் வரலாறு எழுதியவர் பிரெடரிக்கே. தம் போர்களையும் காலத்தையும் பிரெஞ்சு மொழியில் விரிவாக எழுதி வைத்தார். பின்வந்தோர் பலர் அவர் எழுதியதையே அடிப்படையாகக் கொண்டனர். ஆகவே, மன்னரின் குரலையும் நிகழ்ந்ததையும் பிரித்தறிவது வரலாற்றாசிரியரின் முதற்கடமையாயிற்று.

இங்கிலாந்தின் மெக்காலே 1842இல் எழுதிய கட்டுரையில் பிரெடரிக்கைக் கடுமையாகச் சாடினார். இந்தியாவில் ஆங்கிலக் கல்விக்கு வழிவகுத்தவராக நாம் அறிந்த மெக்காலே இவரே. சைலீசியாவைப் பறிக்க ஒருவர் எடுத்த முடிவால், அவர் பெயரையே அறியாத சோழமண்டலக் கடற்கரை மக்களும் போரில் சிக்கினர் என்பது அவர் கருத்து. இதில் சற்று மிகை உண்டு. ஆங்கிலேயருக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் இடையே வணிகப் போட்டி தனியே இருந்தது. ஆயினும் 1746இல் சென்னை பிரெஞ்சுக்காரர் கைக்குச் சென்றதும், ஐரோப்பாவில் 1748இல் செய்துகொண்ட உடன்படிக்கையால் அது ஆங்கிலேயரிடம் மீண்டதும் அந்தப் போரோடு பிணைந்தவையே.

மெக்காலேயின் நாட்டிலேயே தாமஸ் கார்லைல், 1858 முதல் 1865 வரை வெளியிட்ட ஆறு தொகுதிகளில், பிரெடரிக்கை வீரத்தலைவராகப் போற்றினார். ஜெர்மனியில் டிராய்சன் முதலியோர், சிதறிய ஜெர்மானிய நாடுகளை ஒன்றுசேர்ப்பதே பிரஷ்யாவின் பணி என்றும், அதற்கு அடித்தளமிட்டோருள் பிரெடரிக் தலையாயவர் என்றும் எழுதினர். பெர்லினில் 1851இல் அவருக்குக் குதிரைமீது அமர்ந்த பெருஞ்சிலை எழுந்தது. அனோவர் நாட்டு அரசரை ஆதரித்த ஓனோ குளோப் என்பவரோ 1860இல், ஜெர்மானியரைப் பிளவுபடுத்தியவர் பிரெடரிக்கே என வாதிட்டார். 1871இல் பிரஷ்யாவின் தலைமையில் ஜெர்மனி ஒன்றுபட்டபின், வென்றவர்களின் குரலே பள்ளி நூல்களில் ஓங்கியது.

நாஜிகள் அவர் பெயரைத் தம் நோக்கத்திற்குப் பயன்படுத்தினர். 1933 மார்ச் 21ஆம் நாள், புதிய நாடாளுமன்றத் தொடக்க விழாவை அவர் உடல் இருந்த ஆலயத்திலேயே நடத்தினர். 1942இல் அவரைப் பற்றிய திரைப்படம் ஒன்றை வெளியிட்டுப் போருக்கு ஆதரவு திரட்டினர். 1945 ஏப்ரலில் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட் மறைந்தபோது, 1762இல் ரஷ்யப் பேரரசி மறைந்ததைப்போல இதுவும் தம்மைக் காக்கும் என நாஜித் தலைவர்கள் நம்பினர். மூன்று வாரங்களுக்குள் பெர்லின் வீழ்ந்தது. வரலாற்றைச் சான்றாகக் கொள்ளாமல் சோதிடமாகக் கொண்டோரின் முடிவு அது.

போருக்குப்பின் நேசநாடுகள் 1947இல் பிரஷ்யா என்னும் அரசையே கலைத்தன. பெர்லின் சிலை, கிழக்கு ஜெர்மன் அரசால் 1950இல் அகற்றப்பட்டது. அதே அரசு 1980இல் அச்சிலையை மீண்டும் பெர்லினில் நிறுவியது. அதற்கு முந்தைய ஆண்டில், கிழக்கு ஜெர்மன் வரலாற்றாசிரியர் இங்கிரிட் மிட்டன்ஸ்வை, மன்னரின் குறைகளோடு ஆக்கப் பணிகளையும் எடையிட்டு அவர் வாழ்க்கையை எழுதியிருந்தார். மேற்கு ஜெர்மனியில் தியோடர் ஷீடர் 1983இல் வெளியிட்ட நூல், முரண்பாடுகள் நிறைந்த ஆட்சி என்றே அவருடைய காலத்தை வருணித்தது. போற்றுதலும் தூற்றுதலும் தணிந்து, சீர்தூக்கும் காலம் வந்தது.

திரும்பி வந்த உடல்

மன்னரின் உடலும் அமைதியாக இருக்கவில்லை. இரண்டாம் உலகப்போரின்போது குண்டுவீச்சுக்கு அஞ்சி ஆலயத்திலிருந்து அகற்றப்பட்டது. உப்புச் சுரங்கமொன்றில் மறைக்கப்பட்டது. அங்கே அதனைக் கண்டெடுத்த அமெரிக்கப் படையினர் மார்பர்க் நகருக்குக் கொண்டுசென்றனர். பின்னர் அது ஹோஹென்சோலர்ன் கோட்டையை அடைந்தது. இரு ஜெர்மனிகளும் 1990இல் இணைந்தன. 1991 ஆகஸ்டு 17ஆம் நாள், மன்னர் மறைந்து 205 ஆண்டுகள் நிறைந்த இரவில், சான்சூசி மேல்தளத்தில் நாய்களின் கல்லறைகளுக்கு அருகில் அவர் உடல் அடக்கம் செய்யப்பட்டது. நாட்டின் தலைமை அமைச்சர் கோல் அதில் கலந்துகொண்டார். பழைய போர்வெறி மீண்டும் தலைதூக்குமோ எனச் சிலர் அஞ்சினர். இறந்தவரின் எளிய விருப்பம் நிறைவேறியது எனச் சிலர் மகிழ்ந்தனர்.

இன்று அக்கல்லறையின்மீது ஒரு கற்பலகை மட்டுமே உள்ளது. அதில் மாமன்னர் என்னும் அடைமொழியோடு அவர் பெயர் பொறிக்கப்பட்டுள்ளது. காண வருவோர் மலர்களோடு உருளைக்கிழங்குகளையும் அதன்மீது வைத்துச் செல்கின்றனர். வாளால் வென்ற சைலீசியா இன்று பெரும்பாலும் போலந்து நாட்டில் உள்ளது. காட்டேவின் குருதி படிந்த கூஸ்ட்ரின் கோட்டையும் போரில் சிதைந்து, இன்று போலந்தில் இடிபாடாகக் கிடக்கிறது. உழவர் நிலத்தில் ஊன்றிய கிழங்கு மட்டும் ஆண்டுதோறும் விளைகிறது.

ஒருவரை மாமன்னர் என்று அழைப்பதும் மறுப்பதும் எளிது. அவர் செய்த நன்மையை நன்மையாகவும் தீமையைத் தீமையாகவும், சான்று கொண்டு, ஒரு தட்டில் மற்றொன்றை மறைக்காமல் எழுதுவதே அரிது. அவ்வரிய பணியே வரலாறு.

சொற்பொருள்

அடைமொழி – பெயரோடு சேர்த்து வழங்கும் சிறப்புச் சொல்
சாளரம் – சன்னல்
கருவூலம் – அரசின் செல்வம் வைக்கும் இடம்
பொறை – பொறுத்துக்கொள்ளும் பண்பு
சதுப்பு நிலம் – நீர் தேங்கிய சேற்று நிலம்
செங்கோல் – நேர்மையான ஆட்சி
சீர்தூக்குதல் – நிறைகுறைகளை ஒப்பிட்டு ஆராய்தல்

பயிற்சி

1. பிரெடரிக்கின் விருப்பங்களும் அவர் தந்தையின் விருப்பங்களும் எவ்வாறு மாறுபட்டன?
2. 1740ஆம் ஆண்டில் பிரெடரிக்கின் எழுத்தும் செயலும் முரண்பட்டதை விளக்குக.
3. காற்றாலைக் கதைக்கும் அர்னால்ட் வழக்கிற்கும் உள்ள வேறுபாடு யாது?
4. மெக்காலே, கார்லைல் ஆகியோரின் கருத்துகளை ஒப்பிட்டு எழுதுக.
5. பெர்லின் சிலை அகற்றப்பட்டதும் மீண்டும் நிறுவப்பட்டதும் எதனை உணர்த்துகின்றன?
6. ‘மாமன்னர்’ என்னும் அடைமொழி பிரெடரிக்குக்குப் பொருந்துமா? பாடத்திலிருந்து இரு பக்கச் சான்றுகளையும் காட்டி, உம் கருத்தைப் பத்து வரிகளில் எழுதுக.

செயல்பாடு

உங்கள் பள்ளி அமைந்துள்ள ஊரில் உள்ள சிலை ஒன்றைத் தேர்ந்தெடுக்க. அது யாருடையது, எப்போது, யாரால் நிறுவப்பட்டது என்பதைக் கேட்டறிந்து வகுப்பில் தமிழில் எடுத்துரைக்க.